மானிப்பாய் கிறீன் வைத்தியசாலையின் பழைய கட்டடம் தமிழ் மருத்துவ நூதனசாலை ஆகட்டும்: ஒரு திறந்த மடல்

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைப் பரிபாலிக்கும் திருச்சபைப் பெரியோர்களுக்கும், வைத்தியசாலை முகாமைக் குழுவினருக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினருக்கும், உள்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் மானிப்பாய் மக்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

நான் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராகப் பணிசெய்து ஓய்வுபெற்று, பிறந்த ஊராகிய மானிப்பாயிலேயே வசித்துவருபவன். என் தாயார் என்னையும் என் உடன்பிறந்தோரையும் பெற்றெடுத்தது, ஊரார் 'கிறீன் ஆஸ்பத்திரி' என்று சொல்லும் இந்த வைத்தியசாலையில்தான். அந்த உறவின் உரிமையோடு இந்த மடலை எழுதுகிறேன். வைத்தியசாலை வளாகத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடத்தை, அது கட்டப்பட்ட முறையிலேயே செப்பனிட்டு, அதில் ஒரு மருத்துவ நூதனசாலையை அமைக்க வேண்டும் என்பதும், அந்த நூதனசாலையின் நடு அறை தமிழில் மருத்துவம் கற்பித்த வகுப்பறையாக இருக்க வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

என்னிடம் ஒரு பழைய மருந்துப் போத்தல் இருக்கிறது. வெளிறிய பச்சைக் கண்ணாடி. அடிப்பாகத்தில் ஒரு காற்றுக் குமிழி அப்படியே உறைந்திருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில், மேலிருந்து கீழாக, ஒரு விரல் அகலத் தாள் கீற்று ஒட்டப்பட்டிருந்த தடம் தெரிகிறது. தாளின் ஒரு சிறு துண்டு இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கீற்றின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டுவது அந்தக்கால டிஸ்பென்சரிகளின் வழக்கம். ஒரு பல் ஒரு வேளை மருந்து. எழுத்தறியாத தாயும் எத்தனை வேளை கொடுத்தோம், எத்தனை வேளை மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வாள். எங்கள் அம்மம்மா, "குலுக்கிப்போட்டு ஒரு கோடு மட்டும் குடி" என்று சொல்லியே எல்லா மருந்தையும் எங்களுக்குத் தந்தவர். கோடு என்பது அளவுக்கு அவர் வைத்திருந்த சொல். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது, பின்னாளில் நானே மருந்துக் கூடத்தில் நின்று போத்தல்களில் கீற்று ஒட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. இப்படியான ஒரு போத்தலை இன்றைய மருத்துவ மாணவர் ஒருவரிடம் காட்டினேன். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அது அவருடைய குறையாகாது. காட்டுவதற்கு ஓர் இடத்தை நாங்கள் வைத்திருக்கவில்லை.

இந்த வைத்தியசாலையின் வரலாறு உங்களுக்குத் தெரியாததன்று. எனினும் இம்மடலைப் படிக்கக்கூடிய இளையோருக்காக அதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1820 முதல் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் என்ற வைத்தியர் நோயாளரைப் பார்த்துவந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடொன்றுக்கு அனுப்பப்பட்ட முதல் வைத்திய மிசனரி என்று அவரைக் குறிப்பிடுவார்கள். அந்த வழியில் வந்தவர்தான் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்திறங்கியபோது அவருக்கு வயது 25. மறு ஆண்டு மானிப்பாய்க்கு வந்து வைத்தியசாலையையும் அதனுடன் ஒரு மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். அவருடைய சொந்த மாநிலத்தின் பொஸ்டன் நகரில், ஈதர் என்ற மயக்கமருந்தைக் கொடுத்து நோவில்லாமல் அறுவை செய்யலாம் என்பதை உலகறியக் காட்டிய நிகழ்வு 1846 ஒக்டோபரில்தான் நடந்தது. அதாவது, மேலைநாட்டு மருத்துவமே உருமாறிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மாற்றத்தின் வாசலிலிருந்து புறப்பட்ட ஓர் இளைஞர் நேரே மானிப்பாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறார். 1850இல் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் எழுந்த வைத்தியசாலையே இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம். அதற்கும் கிறீன் துணைநின்றார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் திறக்கப்படுவதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் முன்னரே மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடந்துகொண்டிருந்தது என்பதை எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்?

முதற் பருவத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மிசனரிமார் நடத்திய உயர்கல்விக்கூடமாகிய வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் அவருக்கு மாணவராகக் கிடைத்தார்கள். ஆனால், ஆங்கிலத்தில் மருத்துவம் படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர்ச் சம்பளத்தையும் நாடிப் போவதையும், கிராமத்து நோயாளி முன்போலவே வைத்தியரின்றி இருப்பதையும் அவர் கண்டார். இடையில் தாய்நாடு சென்று 1862இல் திரும்பிவந்த பின்னர், வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழூரிலேயே தங்குவார் என்பது அவருடைய கணக்கு. மாணவர்கள் காற்சட்டைக்கும் தொப்பிக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. அவர்கள் தங்கள் ஊருடையிலேயே இருக்க வேண்டும் என்று எழுதினார். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள். தாய்மொழியில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்ற விவாதம் இன்றும் தமிழ்நாட்டிலும் இங்கும் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. முடியுமா என்று கேட்பவர்களை நான் மானிப்பாய்க்கு அழைத்துவர விரும்புகிறேன். ஆனால், அழைத்துவந்து எதைக் காட்டுவது?

காட்ட வேண்டியவை புத்தகங்கள். 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று 1857இல் வெளிவந்த நூலின் தலைப்பை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப்பாருங்கள். அங்காதிபாதம் என்றால் உடற்கூற்றியல். தலைமுடியிலிருந்து பாதம் வரை வருணித்துப் பாடுகிற கேசாதிபாதம் என்ற இலக்கிய வகையை அறிந்த காதுக்கு, அங்காதிபாதம் என்ற சொல் அந்நியமாகப் படாது. முன்பே இருந்த ஒரு வீட்டில் புதிதாக ஓர் அறை எடுத்தது போல அது அமைகிறது. சுகரணம் உடற்றொழிலியல், உற்பாலனம் சுகாதாரம். அதே 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என்று அவை தொடர்ந்தன. கிறீனும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கியவை மொத்தம் ஏறத்தாழ 4,500 பக்கங்கள் என்பார்கள். காயங்கள் சீழ்ப்பிடிக்காமல் காக்கக் காபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை லிஸ்ரர் என்ற பிரித்தானிய அறுவை வைத்தியர் உலகுக்கு எழுதி அறிவித்த ஆண்டு 1867. அதே ஆண்டில் தமிழில் ஓர் அறுவை மருத்துவ நூல் அச்சேறியிருக்கிறது. கிறேயின் உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். அந்நூலையும் அதைப்போன்ற வேறு நூல்களையும் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' பதினான்கே ஆண்டுகளில் தமிழில் வந்துவிட்டது. நான் மருந்தாளனாகப் பயின்ற காலத்தில் இந்த நூல்களுள் ஒன்றையேனும் எவரும் எனக்குக் காட்டியதில்லை. நாற்பது வயதுக்குப் பின், ஓர் உறவினர் வீட்டுப் பெட்டகத்தில், அட்டை போய், முதல் சில இதழ்களைக் கறையான் தின்றுவிட்ட 'இரண வைத்தியம்' ஒன்றைக் கையில் எடுத்தபோது எனக்கு உண்டான நடுக்கத்தை இன்றும் மறக்கவில்லை. எலும்பு முறிவுக்கு மட்டை வைத்துக் கட்டும் முறை அதில் தமிழில் எழுதப்பட்டிருந்தது. அந்த வாக்கியங்களின் நடை இன்றைய வாசகருக்குக் கடினம்தான். ஆயினும், ஒரு மாணவன் தன் விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்த அடையாளமாக, அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது.

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் கைக்கொண்ட ஒழுங்கைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். முதலில் தமிழில் தேடு. தமிழில் இல்லையேல் வடமொழியைப் பார். அங்கும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் தமிழ் ஓசைக்கு இசைய எழுது என்பதே அந்த ஒழுங்கு. 'கெமிஸ்தம்' என்ற சொல் மூன்றாவது வழியில் பிறந்தது. இதைக் குறித்து எனக்குத் தனிப்பட்ட கருத்துண்டு. அவர் வடமொழியை அளவுக்கு மேல் நாடினார் என்று இன்றைய தமிழன்பர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. ஆனால், அகராதிக் கலையில் அந்த ஊர் அப்போதே தேர்ச்சி பெற்றிருந்தது என்பதையும் நாம் நினைக்கவேண்டும்; 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இலேயே வெளிவந்துவிட்டது. ஒரு தனி மனிதரின் தமிழ்ப்பற்றினால் மட்டும் இது நிகழவில்லை. அச்சுக்கூடமும், அகராதியும், செமினறியில் கணிதமும் இலக்கணமும் கற்ற இளைஞர்களும், மெய்ப்புப் பார்க்கத் தமிழறிந்த பண்டிதர்களும் ஒரே சுற்றுவட்டாரத்தில் கூடியிருந்ததனால் நிகழ்ந்தது. நூதனசாலை இந்தக் கூட்டு உழைப்பைக் காட்டவேண்டும். டன்வதர், சப்மன், வில்லியம் போல் என்று அமெரிக்கப் பெயர்களோடு வரலாற்றில் நிற்கும் கிறீனின் மாணவர்கள் யாவரும் இந்த மண்ணில் பிறந்த தமிழர்கள். உதவிப்பணம் அனுப்பிய தூரதேசத்துக் கொடையாளரின் பெயரைப் பிள்ளைக்கு இடும் மிசன் வழக்கத்தினால் அப்பெயர்கள் வந்தன. ஆசிரியருக்கு ஒரு பங்கு புகழ் என்றால் மொழிபெயர்த்த இந்தக் கைகளுக்கு இன்னொரு பங்கு சேரவேண்டும். கிறீனின் படத்தை வாசலில் பெரிதாக மாட்டிவிட்டு, அவர்களின் பெயர்களைச் சிறிய எழுத்தில் உள்ளே போடும் நூதனசாலை எனக்கு வேண்டாம்.

அதேபோல, கிறீன் சமயப் பணிக்காக வந்தவர் என்பதை மறைக்கவும் கூடாது, அதையே முழுக்கதையாக்கவும் கூடாது. 1884இல் வூஸ்டரில் இறந்த அவருடைய கல்லறையில், அவர் விரும்பியபடியே, தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று பொருள்படும் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஊழியத்தில் நற்செய்தியும் ஒன்று, மருந்தும் ஒன்று. மருதடி விநாயகரை வணங்கிவிட்டு மருந்துக்கு இங்கு வந்தவர்கள் எங்கள் குடும்பத்தார். எங்களுக்கு இதில் சங்கடம் எதுவும் இருந்ததில்லை. உண்மையை உள்ளபடி எழுதிவைத்தால் எல்லாச் சமயத்தவரும் அந்த வாசலுக்குள் மனந்திறந்து வருவார்கள்.

மேலைமருத்துவம் வருமுன் யாழ்ப்பாணம் மருந்தில்லாமல் கிடக்கவில்லை என்பதையும் நூதனசாலை முதல் அறையிலேயே சொல்லவேண்டும். யாழ்ப்பாண அரசர் காலத்தைச் சேர்ந்த 'செகராசசேகரம்', 'பரராசசேகரம்' என்ற மருத்துவ நூல்கள் எங்கள் சித்த மருத்துவ மரபின் சொத்து. முறிவு நெரிவுக்கு எண்ணெய் போட்டுக் கட்டும் பரியாரிமாரிடம் இன்றும் ஊரவர் போகிறார்கள். கல்வமும் குழவியும் ஒரு மேசையிலும், பீங்கான் உரலும், கிறெயின் என்ற நுண்ணிய எடையளவில் மருந்து நிறுக்கும் தராசும் அடுத்த மேசையிலும் இருந்தால், இரண்டு மரபும் ஒரே ஊரில் எதிரெதிரே இருந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்ட கதை எவருடைய விளக்கமும் இல்லாமல் புரியும்.

இனிக் கட்டடத்தைப் பற்றி. இதில்தான் எனக்கு மிகுந்த பயமும் இருக்கிறது. புதுப்பிக்கிறோம் என்று தொடங்கி, சுவரின் பழைய சாந்தை உரித்தெறிந்து, சீமெந்து பூசி, தரைக்கு மாபிள் பதித்து, பளபளக்கும் பெயின்ற் அடித்துத் திறப்புவிழா நடத்திய பழைய கட்டடங்கள் பலவற்றை நாங்கள் பார்த்துவிட்டோம். யாழ்ப்பாணத்துப் பழைய சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்தவை. அவை மூச்சுவிடும் சுவர்கள். மாரியில் உள்வாங்கும் ஈரத்தை வெயிலில் வெளிவிடும். அவற்றின்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நின்றுவிடும். கல்லிலுள்ள உப்பு பூத்து, இரண்டு மாரிக்குள் பூச்சு கொப்புளித்து உதிரும். அதைவிட மோசமாக, உள்ளே கல்லே மாவாகும். பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பைக் குழியில் நீர்விட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்து, மணலோடு இடித்து, பனங்கட்டித் தண்ணீர் சேர்த்துக் குழைத்த முறையை அறிந்தவர்கள் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. அவர்களைத் தேடிப்பிடித்து, இளம் கொத்தனார் சிலரை அவர்களோடு சேர்த்துவிட்டால், கட்டடமும் காக்கப்படும், கைவினையும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். கூரையும் அப்படியே. பனஞ்சிலாகையும் வளையும் உளுத்த இடத்தில் வைரம் பாய்ந்த பனையே வரட்டும். ஓடு உடைந்த இடத்தில் அதே வகைப் பழைய ஓடு, இடிக்கப்படும் வீடுகளிலிருந்து, வாங்கப்படட்டும். தகரமோ அஸ்பெஸ்ரஸோ மேலே ஏறவேண்டாம்.

ஆகையால் முதல் செலவு வெள்ளையடிப்புக்குப் போகாமல் அளவைக்குப் போகவேண்டும். எந்தச் சுவர் எக்காலத்தது, எந்த வாசல் பின்னர் வெட்டப்பட்டது, எந்த அறை சத்திரசிகிச்சைக்கு இருந்தது, எது வகுப்புக்கு இருந்தது என்பவற்றை மிசன் அறிக்கைகளோடும் கடிதங்களோடும் ஒப்பிட்டு வரைபடமாக்க வேண்டும். இப்பணிக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் ஆலோசனையைக் கேட்பதும், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டடத்துக்குப் பாதுகாப்புப் பெறுவதும் நல்லது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாகிவிட்டால் நாளை ஒரு கழிவறை கட்டவும் அனுமதி வேண்டியிருக்கும் என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. அந்தக் கட்டுப்பாடு ஒருவகையில் எங்களுக்கே தேவைப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். நல்லெண்ணத்தோடு வரும் கொடையாளரின் அவசரத்திலிருந்தும் அது கட்டடத்தைக் காக்கும்.

வைத்தியசாலை ஏழைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டிய பணத்தைப் பழஞ்சுவருக்குச் செலவிடுவதா என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு கட்டில்கூட நூதனசாலைக்காகக் குறையக்கூடாது. ஒரு தாதியின் சம்பளமும் அதற்காகத் தாமதிக்கக் கூடாது. நூதனசாலைக்கென வேறு கணக்கும் வேறு குழுவும் இருக்கவேண்டும்; அந்தக் கணக்கு ஆண்டுதோறும் வைத்தியசாலை வாசலில் ஒட்டப்பட வேண்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் எங்கள் ஊரவர்கள் கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக்கும் அள்ளிக்கொடுப்பவர்கள். தாங்கள் பிறந்த பிரசவ விடுதியைக் காக்கக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். அவர்களை நான் கேட்டுக்கொள்வது, பணத்தோடு தங்கள் பெயர்க்கல்லையும் சுவரில் பதிக்கக் கேட்காதீர்கள் என்பதே. கொடையாளர் பெயர்களுக்கு ஓர் ஏடு போதும்.

பழைய வைத்தியசாலையொன்றில் இத்தகைய நூதனசாலை நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோருக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இலண்டனில் பழைய சென் தோமஸ் வைத்தியசாலையின் அறுவைக்கூடம், தேவாலயமொன்றின் கூரைக்கு அடியில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மறந்துபோன நிலையில் கிடந்து, 1950களில் கண்டெடுக்கப்பட்டு, 1962இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. மர மேசை ஒன்றும், அதைச் சுற்றி மாணவர் நின்று பார்த்த படிவரிசைகளுமே அங்குள்ள பெருஞ்செல்வம். அதைப் பார்க்க உலகெங்குமிருந்து மருத்துவ மாணவர்கள் வருகிறார்கள். எங்கள் யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அதன் ஒவ்வோராண்டு மாணவரும் முதல் உடற்கூற்று வகுப்புக்கு முன்னர் ஒரு காலைப்பொழுது மானிப்பாயில் இருந்து, 'மனுஷ அங்காதிபாதத்தின்' ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துவிட்டுப் போனால் என்ன? நோயாளியிடம் அவருடைய மொழியில் அவருடைய உடம்பைப் பற்றிச் சொல்லத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தை ஊட்ட, எனக்குத் தெரிய, அதைவிடச் சிறந்த இடம் இல்லை. மருந்துக் கூடத்தின் சாளரத்துக்கு வெளியே நின்று, வைத்தியர் சொன்னது விளங்காமல் என்னிடம் திரும்பக் கேட்ட ஆயிரக்கணக்கான முகங்களை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

எதைச் சேர்ப்பது என்பதில் அண்மைக்காலத்தையும் விட்டுவிடவேண்டாம். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மின்சாரமும் போதிய மண்ணெண்ணெயும் இல்லாமல், ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி இட்டு எரித்த விளக்கில் நாங்கள் மருந்துச் சீட்டு வாசித்தோம். பஞ்சும் பான்டேச்சும் முடிந்தபோது பழஞ்சேலையைக் கிழித்து அவித்துச் சுருட்டி வைத்தோம். அந்த விளக்கொன்றும் அந்தச் சுருளொன்றும், கிறீன் காலத்துக் கத்திகளுக்கு அருகே வைக்கத் தகுதியானவை. அக்காலத்தில் இரவு பகல் பாராமல் நின்ற தாதியரும், ஓடலிமாரும், சுத்திகரிப்புத் தொழிலாளரும் இன்னமும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களின் குரலை ஒலிப்பதிவு செய்ய இனியும் பல ஆண்டுகள் காத்திருக்க முடியாது.

காகிதங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில், டெங்குத் தடுப்புச் சிரமதானம் என்று சொல்லி, களஞ்சிய அறையைத் துப்புரவாக்கினார்கள். பழைய மருந்துப் பதிவேடுகள் இருபது முப்பது இருந்திருக்கும், தோல் முதுகுள்ளவை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நான் திரும்பி வந்தபோது பின்வளவில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் நெருப்பில் சுருண்டு விரிந்தபோது, சாய்ந்த அழகிய கையெழுத்தில் கொயினா என்ற மலேரியா மருந்தின் பெயரையும் ஒரு தேதியையும் பார்த்தேன். கம்பு ஒன்றால் கிளறி இழுக்க முயன்றேன், முடியவில்லை. அவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். அவை எவருக்கும் தேவைப்படும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லியிருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்த நான், என் கண்முன்னே இருந்த அலமாரியைக் கவனிக்காமல் விட்டேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆதலால், கட்டட வேலை தொடங்கும்வரை காத்திராமல், வைத்தியசாலைக் களஞ்சியங்களிலும் ஆலயக் காரியாலயத்திலும் இருக்கும் பதிவேடுகள், கடிதங்கள், படங்கள் எதையும் எவரும் அப்புறப்படுத்தக் கூடாது என்று ஓர் அறிவித்தலை இந்த மாதமே விடுக்குமாறு வேண்டுகிறேன். நூலகம் நிறுவனம் போன்று எண்ணிமப்படுத்தலில் அனுபவமுள்ளவர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறார்கள், அவர்களை அழையுங்கள். கிழிந்த தாளைச் செலோரேப்பால் ஒட்டுவதையும், பழைய நூலைப் பிளாஸ்ரிக்கால் லமினேற் செய்வதையும் தயவுசெய்து ஒருவரும் செய்யவேண்டாம்; பசை மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். நோயாளரின் பெயருள்ள ஏடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கூடாது; யாருடைய பாட்டிக்கு என்ன நோய் இருந்தது என்பது கண்ணாடிப் பெட்டிக்குரிய செய்தியன்று. குடுவைகளில் மனித உடலுறுப்புகள் ஏதும் எஞ்சியிருந்தால், அவற்றை மருத்துவ பீடத்தின் அறிவுரைப்படி, மரியாதையோடு நடத்தவேண்டும்.

வூஸ்டரில் கிறீன் குடும்பத்தார் வாழ்ந்த மலைநிலம் இன்று நகரத்தின் பூங்காவாக இருக்கிறது. அவர்களின் மாளிகை இடிக்கப்பட்டுவிட்டது. அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் மாநகரை ஒன்றாக்கிய பெரியவர்களுள் ஒருவராக அங்கே நினைக்கப்படுகிறார். இளையவரின் உழைப்புக்குச் சாட்சி மானிப்பாயில்தான் இருக்கிறது. அந்தச் சாட்சியை வைத்திருக்கும் பொறுப்பு, இந்த மடலின் முகப்பில் நான் பெயர் குறித்த உங்களிடமும் எங்களிடமும் வந்துசேர்ந்திருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்குமுன் கூரையை ஒருமுறை ஏறிப் பார்க்க ஆளனுப்புங்கள். ஒழுகும் இடங்களைத் தற்காலிகமாகவேனும் மூடச் செய்யுங்கள். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஊரவரை வைத்தியசாலை முன்றலில் கூட்டி, வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். எத்தனையோ வீடுகளின் பெட்டகங்களில் ஒரு போத்தலோ, ஒரு புகைப்படமோ, தாத்தாவின் சான்றிதழோ கிடக்கும். கேட்பார் இல்லாததால் கிடக்கிறது.

என் பங்குக்கு, மேலே சொன்ன போத்தலையும், கறையான் தின்றதுபோக மிஞ்சிய 'இரண வைத்தியத்தையும்', ஒரு கிறெயின் தராசையும் தர ஆயத்தமாக இருக்கிறேன். நூலைத் தந்த உறவினரின் சம்மதத்தையும் பெற்றுவிட்டேன். பொருள்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதவும், பழைய மருந்துக் குறியீடுகளை வாசித்துச் சொல்லவும், வாரத்தில் மூன்று காலை நேரம் சம்பளமின்றி வந்திருக்கவும் என்னால் முடியும். தராசுப் பெட்டிக்குள் படிக்கற்களுக்கென எட்டுக் குழிகள் உள்ளன. ஏழு கற்கள்தான் இருக்கின்றன. அரை கிறெயின் கல்லைக் காணவில்லை. ஊரில் எவரிடமேனும் அது இருக்குமானால் அன்றைய கூட்டத்துக்கு எடுத்துவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
மானிப்பாய்.